டிவியோடு வந்த ஒயரைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடலாமா?

11 ஜூன் 2023

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஹாலில் 43 இஞ்ச் டிவி மாட்டப் போகிறோம். கீழே தொங்கும் ஒயர்கள் கண்ணை உறுத்துகின்றன. டிவியோடு வரும் பவர் ஒயரையும் எச்டிஎம்ஐ ஒயரையும் சுவரில் காடி வெட்டி உள்ளே வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். டிவி எடுப்பதே 100 வாட்தான், என்ன ஆகிவிடப் போகிறது?"

வேண்டாம். 100 வாட் கணக்கு சரிதான். 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்த ஒயர் சூடாகி எரிந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். பிரச்சினை சூட்டில் இல்லை. அந்த ஒயர் வெளியே தொங்குவதற்காகச் செய்தது. வெளியே இருக்கும்போது நசுங்கினாலும், எலி கடித்தாலும் கண்ணில் படும், மாற்றிவிடலாம். பூச்சுக்குள் போய்விட்டால் அது கெட்டுப்போனதே யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் நாங்கள் இருப்பது கட்டி முடித்த பிறகு வாங்கிய வீடு. ஹாலில் டிவி ஒயர் சுவரிலிருந்து நேராக வெளியே வரும், பார்க்க அழகாக இருக்கும். மூன்று மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாளெல்லாம் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் டப்பா) விழ ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் என்று நினைத்தோம், மோட்டார் என்று நினைத்தோம், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில், டிவி சுவிட்சைப் போட்டால் விழுகிறது, அணைத்தால் நிற்கிறது என்று பிடிபட்டது. டிவியையே கழற்றி வைத்தோம். அப்போதும் விழுந்தது.

சுவரை உடைத்தோம். உள்ளே பைப்பே இல்லை. இரண்டு கோர் ஒயரை வெறுமனே காடியில் வைத்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பிளக் உள்ளே போகாது என்று அதை வெட்டியிருந்தார்கள். நீளம் போதவில்லை என்று இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப். தொட்டதும் டேப்பின் பசை ஜவ்வுபோல் விரலோடு வந்தது. அதற்குள்ளே செம்பு பச்சைப் பூத்துக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, ஈரம் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. என் மகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் தினமும் வீட்டுப்பாடம் எழுதுவாள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

12 ஜூன் 2023

"அப்படியென்றால் என்னதான் செய்வது?" என்று அதே வாசகர். நியாயமான கேள்வி, நேற்று கோபத்தில் இதை விட்டுவிட்டேன்.

டிவியின் ஒயர் சுவருக்குள் போகக் கூடாது. வீட்டு வயரிங் டிவிவரை போக வேண்டும். அதாவது டிவிக்குப் பின்னாலேயே ஒரு சாக்கெட் பாக்ஸ் வைத்துவிடுங்கள். கீழே இருக்கும் சுவிட்ச் பாக்ஸிலிருந்து அதுவரை 20 மி.மீ. பிவிசி பைப். அதற்குள் கரண்ட் வரும் ஃபேஸுக்குச் சிவப்பு, அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்குக் கறுப்பு, கசிவை மண்ணுக்கு இறக்கும் எர்த்துக்குப் பச்சை என்று 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் மூன்று. எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். டிவி பிளக்கில் இரண்டு முள்தான் என்று எர்த்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அதே சாக்கெட்டில் வேறு எதையாவது செருகுவீர்கள். பைப்புக்குள் எங்கேயும் ஜாயின்ட் கூடாது. ஜாயின்ட் போட்டே ஆக வேண்டுமென்றால், மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள் மட்டும். சுவிட்ச் கீழே, கை எட்டும் இடத்தில். டிவியின் சொந்த ஒயர் மீதி நீளத்தைச் சுருட்டி டிவியின் முதுகிலேயே கட்டிவிடலாம்.

சாக்கெட் வைக்கும் இடம் முக்கியம். டிவி பிராக்கெட்டை முதலில் சுவரில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாக்கெட் அதற்குப் பக்கவாட்டில் வர வேண்டும். எங்கள் வீட்டில் நேர் பின்னால் வைத்தோம். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இஞ்ச் இடைவெளிதான், மூன்று முள் பிளக் அதைவிட நீட்டிக்கொண்டு நின்றது. டிவி சுவரோடு உட்காரவே இல்லை. மறுபடி உடைத்தோம்.

12 ஜூன் 2023, இரவு

ஸ்பைக் பஸ்டரை டிவிக்குப் பின்னால் சுவரில் குழி எடுத்து உள்ளே வைக்கலாமா என்று ஒருவர். கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் மூடிய இடத்தில் வேண்டாம். மூன்று சாக்கெட் தேவையென்றால் சுவரில் மூன்று சாக்கெட் வையுங்கள்.

15 ஜூன் 2023

எச்டிஎம்ஐ, டிஷ் கேபிள், நெட் கேபிள் இவற்றுக்குத் தனி பைப். பவர் போகும் பைப்பில் இவற்றைச் சேர்க்கவே வேண்டாம், படத்தில் கோடு விழும். இரண்டு பைப்புக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல் நேர்குறுக்காகப் போகட்டும்.

25 மி.மீ. பைப் போதும்.

2 ஜூலை 2023

மேலே "25 மி.மீ. போதும்" என்று எழுதியது தவறு. நேற்று திருநெல்வேலியில் தங்கை வீட்டில் நின்றுகொண்டு கற்றுக்கொண்டேன்.

எச்டிஎம்ஐயின் தலை கிட்டத்தட்ட 20 மி.மீ. அகலம், ஸ்கேல் வைத்தே அளந்தேன். 25 மி.மீ. என்பது பைப்பின் வெளி அளவு. உள்ளே 21, 22தான் தேறும். நேர் பைப்பில் நழுவிக்கொண்டு போனது. கீழே டிவி யூனிட் பக்கம் திரும்பும் எல்போவில் போய் நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. எலெக்ட்ரீஷியன் அண்ணன் சோப்பு நீர் விட்டுப் பார்த்தார், கம்பி விட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை கீழிருந்து இழுக்க, அண்ணன் மேலிருந்து தள்ள, ஒரு மணி நேரம். கடைசியில் தலை மட்டும் பிய்ந்து தனியாக வந்தது. 3 மீட்டர் கேபிள் குப்பைக்குப் போனது. அன்று காலையில்தான் பூச்சு முடிந்திருந்தது, அதையும் கொத்தினோம்.

ஆகவே 40 அல்லது 50 மி.மீ. பைப் போடுங்கள். எல்போ வேண்டவே வேண்டாம், அகலமாக வளையும் பெண்டு போடுங்கள். முடிந்தால் திருப்பமே இல்லாமல் மேலிருந்து கீழே நேராக. பைப் பதிக்கும்போதே உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வையுங்கள். அடுத்த கேபிள் இழுக்கும்போது அந்தக் கேபிளோடு இன்னொரு கயிறும் சேர்ந்து போகட்டும். அப்படிச் செய்தால் பைப்பில் எப்போதும் ஒரு கயிறு காத்திருக்கும்.

பவர் ஒயர் நல்லதாகப் போட்டால் வீடு இருக்கும்வரை இருக்கும். எச்டிஎம்ஐ அப்படியில்லை. நான் வாங்கிய முதல் கேபிளில் 4கே படம் வராது, இரண்டாவதில் வரும். ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை இதை மாற்றத்தான் போகிறோம். எனவே கேபிள் திரும்ப வெளியே வருமா என்பதைத்தான் பைப் பதிக்கும்போதே யோசிக்க வேண்டும்.

3 ஜூலை 2023

50 மி.மீ. பைப் என்றதும் ஒருவர் கேட்டார்: "எங்கள் ஹால் சுவர் நாலரை இஞ்ச். அதில் 50 மி.மீ. காடி வெட்டினால் சுவரில் என்ன மிச்சம்?"

சரியான இடத்தில் பிடித்தார். நேற்று எழுதும்போது என் மனதில் இருந்தது ஒன்பது இஞ்ச் சுவர். கட்டடப் பொறியாளர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: செங்குத்தாக வெட்டும் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைவாட்டில் வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. நாலரை இஞ்ச் என்பது சுமார் 115 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு 38. பூச்சுத் தடிமனையும் சேர்த்துக்கொண்டால் 32 மி.மீ. பைப் அடங்கும், அதற்கு மேல் இல்லை. படுக்கைவாட்டில் என்றால் 19 மி.மீ.தான். பக்கத்து மூலையில் இருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்து டிவிவரை சுவரைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அது கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். கீழே தரை ஓரம்வரை இறங்கி, ஸ்கர்ட்டிங்கை ஒட்டிப் போய், டிவிக்கு நேர் கீழே வந்து மேலே ஏறட்டும்.

அந்தப் பக்கமும் அதே இடத்தில் காடி இருக்கிறதா என்று பாருங்கள். அறைக்குள் ஏசிக்கு வெட்டியிருப்பார்கள், நாம் ஹாலில் வெட்டுவோம், நடுவில் அப்பளம்போல் ஒரு செங்கல் மட்டும் நிற்கும்.

தூணிலும் பீமிலும் கட்டிங் மெஷினே படக் கூடாது. சென்னையில் புதிதாக வரும் உயரமான அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்கள் இருக்கின்றன. செங்கல் கிடையாது, உள்ளே முழுக்கக் கம்பி, அந்தச் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது. அதில் காடி என்ற பேச்சே வேண்டாம்.

அப்படிப்பட்ட சுவருக்கு என்ன வழி? டிவி அளவுக்குச் சற்றே பெரிதாக, சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் முன்தள்ளி ஒரு பிளைவுட் பேனல். எல்லாக் கேபிளும் அதற்குப் பின்னால். என் கண்ணுக்கு அது காடி வெட்டியதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் மரத்துக்குப் பின்னாலும் பவர் ஒயர் பைப்புக்குள்தான் போக வேண்டும். டிவியின் பாரத்தைப் பிளைவுட்டில் ஏற்றாமல், பிராக்கெட்டின் போல்ட்டைச் சுவர்வரை கொண்டுபோங்கள்.

9 ஜூலை 2023

15 ஜூன் அன்று "படத்தில் கோடு விழும்" என்று எழுதினேன். இன்று அதை மறுபடி யோசித்தேன். அது பழைய ஆன்டெனா காலத்துப் பேச்சு, பழக்கத்தில் வந்துவிட்டது. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல், நல்ல கேபிளில் உறையும் இருக்கிறது. பக்கத்திலேயே பவர் ஒயர் போனாலும் இரண்டு மீட்டர் நீளக் கேபிளில் படம் ஒன்றும் கெடாது.

தனி பைப் என்பதற்கு உண்மையான காரணம் உயிர். ஒரே பைப்பில் இரண்டையும் விட்டு இழுக்கும்போது பவர் ஒயரின் மேல்தோல் உரிந்தால், 230 வோல்ட் எச்டிஎம்ஐயின் உலோக உறையில் ஏறும். அந்த உறை இந்தப் பக்கம் டிவியின் பின்புறம், அந்தப் பக்கம் செட்டாப் பாக்ஸின் முதுகு. தூசி தட்டும்போது நாம் தொடுகிற இடம் அதுதான். டிஷ் கேபிளாக இருந்தால் மாடிவரை போகும், ஈரத்துணி காயப்போடும் இடத்துக்கு. ஆகவே இடைவெளி ஓர் அடி கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நாலு இஞ்ச் இருந்தாலும் போதும். ஒரே பைப் மட்டும் கூடாது. ஒரே பாக்ஸும் கூடாது, இரண்டுக்கும் தனித்தனி பாக்ஸ்.

20 ஆகஸ்ட் 2023

வாடகை வீட்டுக்காரர்கள் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். உங்களுக்கு கேசிங் கேப்பிங்தான். வெள்ளைப் பட்டை, மூடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்க்க ஒன்றும் தெரியாது. அதிலும் பவருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என இரண்டு பட்டை. டபுள் டேப் கோடையில் விட்டுவிடும், ஸ்க்ரூ போட்டே மாட்டுங்கள். வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

29 அக்டோபர் 2023

இன்று சாயங்காலம் நல்ல இடி. வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். டிவி முன்னால் வந்து நின்றுவிட்டேன். பிளக் டிவிக்குப் பின்னால், டிவி சுவரோடு. கை நுழையாது. கீழே சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, இடி ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12இல் நான் சொன்ன ஏற்பாட்டில் இந்தக் குறை இருக்கிறது. நம் வீட்டுச் சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் டிவியோடு சேர்ந்தே இருக்கும். மின்னல் பக்கத்தில் விழுந்தால் அந்த வழியாகவும் வரும், டிஷ் கேபிள் வழியாகவும் வரும். நான் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே வேலையை முடித்தவர்கள் இருப்பீர்கள். எழுதும்போதே இதை யோசித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

5 நவம்பர் 2023

ஒரு வாரம் அதே நினைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த வயர்மேனிடம் கேட்டேன். அவர் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, கீழே இருக்கும் சுவிட்சை டிபி சுவிட்சாக மாற்றுவது. கீசருக்குப் போடுகிறோமே, அதே வகை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். பூச்சை உடைக்க வேண்டியதில்லை. முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மேகத்திலிருந்து இறங்கி வரும் மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை என்று அவரே சொன்னார்.

இரண்டாவதைத்தான் நான் செய்தேன். டிவிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டை வீட்டு வயரிங்கிலிருந்து பிரித்துவிட்டோம். அதிலிருந்து இறங்கும் மூன்று ஒயரும் கீழே ஒரு பிளேட்டில், கம்ப்யூட்டரின் முதுகில் பள்ளத்துக்குள் மூன்று முள் இருக்குமே, அதுபோன்ற ஒன்றில் முடிகின்றன. பக்கத்திலேயே சாதாரண சுவிட்சும் சாக்கெட்டும். இரண்டையும் இணைப்பது ஒரு கம்ப்யூட்டர் பவர் ஒயர். இடி இடித்தால் குனிந்து அந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும், டிவியின் பவர் லைன் முழுக்கத் தனியாகிவிடும். செட்டாப் பாக்ஸ் கீழேயே இருப்பதால் டிஷ் கேபிளையும் அங்கேயே திருகிக் கழற்றிவிடலாம். சுவருக்குள் இருப்பது பைப்பும் முறையான ஒயரும் மட்டுமே.

இதில் ஒரு எச்சரிக்கை. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் செய்து இப்படி இணைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் முள்ளில் கரண்ட் வந்து நிற்கும், குழந்தை தொட்டால் போயிற்று. கரண்ட் இருக்கும் முனை எப்போதும் ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும், முள்ளாக இருக்கவே கூடாது. கம்ப்யூட்டர் பவர் ஒயர் மெலிதானது என்பதால், அதற்குக் கரண்ட் தரும் லைனில் 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்கட்டும். 16 வேண்டாம்.

2 ஜனவரி 2024

புது வருஷம், புது காலண்டர், புது ஆணி. அப்பா நேற்று காலை சுத்தியலோடு கிளம்பினார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நாலு அடி உயரத்தில். "அங்கே வேண்டாம்பா" என்று நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் மூன்றாவது அடி விழுந்துவிட்டது. பட்டென்று ஒரு சத்தம், வீடு இருண்டது. ஆணி பைப்பைத் துளைத்து ஃபேஸையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டிருக்கிறது. சுத்தியலின் கைப்பிடி மரம். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணியைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே ஒயர் மறைந்திருக்கும் வீட்டில் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: எந்த சுவிட்ச் போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஆணியும் கூடாது, டிரில்லும் கூடாது. பைப்பைக் குறுக்குச் சாய்வில் பதிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நேர்கோட்டில் இருந்தால்தான் வெளியிலிருந்து ஊகிக்க முடியும்.

பூசுவதற்கு முன்னால் திறந்த காடியை டேப் அளவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்திலேயே தெரிய வேண்டும். நான் அந்தப் படங்களைப் பிரிண்ட் போட்டு மெயின் போர்டு கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். அப்பாவின் கைக்கு அதுதான் எட்டும்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? எங்கள் வீட்டில் இரண்டு தடவை ஆளைக் காப்பாற்றியது அந்த 30 மில்லிஆம்பியர் டப்பாதான். இல்லாதவர்கள் டிவி வேலைக்கு முன்னால் அதை வாங்கி மாட்டுங்கள்.

11 பிப்ரவரி 2024

கோவை வாசகர் இன்று படம் அனுப்பியிருக்கிறார். ஒன்பது இஞ்ச் சுவர், 50 மி.மீ. பைப் நேராக இறங்குகிறது, பக்கத்தில் ஆறு இஞ்ச் தள்ளி 20 மி.மீ. பவர் பைப். காடியை நிரப்பி, அதன் மேல் கோழி வலை வைத்துப் பூசியிருக்கிறார். நான் சொல்லாமலேயே கொத்தனார் செய்தாராம், அருமையான கை. வலை இல்லாமல் பூசினால் காடி போன வழியிலேயே விரிசல் விழும். ஒரு வாரம் தண்ணீர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி பார்த்தாராம். அதுவும் சரி. ஈரத்தோடு பட்டி வைத்தால் உப்பிக்கொண்டு வரும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய பைப்பின் இரண்டு வாயும் திறந்தே இருக்கின்றன. பல்லியும் கட்டெறும்பும் அந்த வழியில்தான் குடி வரும், வீட்டில் எலி இருந்தால் அதுவும். கேபிள் போக வேண்டிய இடம் விட்டு, மீதியை ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள். சிமெண்ட் வேண்டாம், சிலிக்கானும் வேண்டாம். கயிற்றின் முனை மட்டும் வெளியே தெரியட்டும்.